மூலத்தில் இல்லாத அணில்

மூலக்கதையில் இல்லாத பாத்திரத்தைத் திரையில் நுழைப்பது வெறும் ஒட்டுவேலை என்று நான் வாசித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் ஒரேயடியாக முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஹார்லி குவினை எடுங்கள். 1992இல் பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காக, பேட்மேனின் எதிரி ஜோக்கரின் கையாளாகச் சும்மா வந்துபோக உருவாக்கப்பட்டவள். தன் தோழி ஆர்லீன் சோர்கின் ஒரு டிவி நாடகத்தில் கோமாளி உடுப்பில் வந்ததைப் பார்த்துத்தான் தொடரின் எழுத்தாளர் பால் டினிக்கு அந்த யோசனையே வந்தது. குரலும் அதே தோழிதான். 1999இல் அவளை மூல கொமிக்ஸ் உலகத்துக்குள்ளேயே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளவத்தையில் அக்காவின் மகனிடம் இதைச் சொன்னேன். "சும்மா போங்கோ மாமா, அவ முதல்ல இருந்தே இருக்கிறா" என்றான். சூப்பர்மேனை வீழ்த்தும் கிரிப்டோனைட் என்ற கல்லும் முதலில் 1943இல் வானொலி நாடகத்தில் வந்ததுதான். கொமிக்ஸுக்கு வர 1949 ஆயிற்று.

காதலுக்கும் சிரிப்புக்கும் என்று செருகப்படும் பாத்திரங்களை யாரும் இப்படித் தத்தெடுப்பதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம் அணில்? இலங்கைக்குப் பாலம் கட்ட உதவியது, இராமர் தடவியதில் மூன்று கோடு விழுந்தது என்று அம்மம்மா சொல்லாத நாளில்லை. வால்மீகியில் அந்த அணில் கிடையாது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் பாட்டில் இருக்கிறது: நீரில் குளித்து, மணலில் புரண்டு, கடலை அடைக்க ஓடுகிறது. அந்தப் பாட்டிலும் முதுகுக் கோடு இல்லை. அது பிறகு யாரோ போட்டது.