பிம் வகுப்பில் முதலில் கட்டடத்தைச் சொல்லிக்கொடுங்கள்

பிம் (BIM, கட்டடத்தை அதன் தகவல்களோடு கணினியில் மாடலாக உருவாக்கும் முறை) கற்க எந்த சாஃப்ட்வேரில் ஆரம்பிக்கலாம், ரெவிட்டா, ஆர்க்கிகேடா, டெக்லாவா என்று இளையவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எதில் வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள், ஆனால் கட்டடம் எப்படி எழும்புகிறது என்பதையும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

ஒரு செங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். மாணவர் அதைத் தளத்திலிருந்து அடுத்த தளம் வரை இழுத்துவிடுகிறார். திரையில் அழகாகத்தான் இருக்கிறது. சைட்டிலோ சுவர் பீமின் அடியோடு நின்றுவிடும். தள உயரம் 3.3 மீட்டர், பீம் 600 மி.மீ. ஆழம் என்றால், 10 மீட்டர் நீளச் சுவரில் 6 சதுர மீட்டர் செங்கல் வேலை சும்மா கணக்கில் ஏறிவிடும். ஸ்ட்ரக்சர் மாடல் தனி ஃபைலில் இருந்தால் சாஃப்ட்வேர் தானாக வெட்டியும் தராது. கட்டளைகள் எல்லாம் அத்துப்படியான ஒருவர்கூட இதைக் கவனிக்காமல் விடலாம். கொத்தனார் வேலை செய்வதை ஒருமுறை நின்று பார்த்தவர் விடமாட்டார்.

அடுத்தது கிளாஷ், அதாவது மாடலில் குழாயும் பீமும் போல இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் மோதிக்கொள்வது. இதைத்தான் வகுப்பில் மிக மோசமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். ரிப்போர்ட்டை எடுக்கக் கற்றுத்தருகிறோம், படிக்கக் கற்றுத்தருவதில்லை. ஒரே கழிவுநீர்க் குழாய் ஐந்து பீம்களில் மோதினால் ஐந்து கிளாஷ் என்று வரும். உண்மையில் அது ஒரே பிரச்சினை. அதை எப்படித் தீர்ப்பது? குழாயைத் தூக்கிவிட முடியாது, சரிவு வேண்டும். 1:100 என்று வைத்தால்கூட 12 மீட்டர் ஓட்டத்தில் 120 மி.மீ. இறங்கும். ஃபால்ஸ் சீலிங்கை இறக்கினால் ஆர்க்கிடெக்ட் ஒத்துக்கொள்ள வேண்டும். பீமில் ஓட்டை விடுவதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். குழாய்கள் மாடிக்கு மாடி இறங்கும் ஷாஃப்டையே நகர்த்தலாம், ஆனால் எல்லா மாடியிலும் நகர்த்த வேண்டும். இந்தப் பேச்சுதான் பிம்மின் உயிர். ஆர்க்கிடெக்சர், சிவில், எம்.இ.பி. (மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங்) மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்துவிட்டு இதை எப்படிக் கற்பிக்க முடியும்? ஒரு செமஸ்டராவது மூவரும் ஒரே கட்டடத்தில் சேர்ந்து வேலை செய்யட்டும். சண்டை வரும். வரட்டும், அது சைட்டில் வருவதைவிட வகுப்பில் வருவது எவ்வளவோ மேல்.

பிம் தகவல்களை நிர்வகிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 19650-இன் முதல் இரண்டு பகுதிகள் 2018-லேயே வெளிவந்துவிட்டன. அதன்படி ஒரு ஃபைல் வேலையில் இருக்கிறதா, மற்றவர்களோடு பகிரப்பட்டதா, அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்டதா, காப்பகத்துக்குப் போய்விட்டதா என்று எந்த நேரமும் தெரிந்தாக வேண்டும். கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் பழைய வரைபடத்தைப் பார்த்துக் கான்கிரீட் போட்ட சைட்டில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். பல படிப்புகளில் இது கடைசி வாரத்தில் ஓரிரு ஸ்லைடோடு முடிந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. பாடத்திட்டம் ரெண்டரிங்குக்கு, அதாவது மாடலை நிஜப் படம்போல் அழகாகக் காட்டுவதற்கு, மதிப்பெண் தரும்போது அவர்களும்தான் என்ன செய்வார்கள்? மதிப்பெண் போகும் இடத்தை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். தேர்வில் புது மாடல் செய்யச் சொல்வதற்குப் பதில், வேறு யாரோ செய்த மாடலைக் கையில் கொடுங்கள். கைப்பிடி வரை நுணுக்கமாக வரைந்த ஒரு கதவு அதில் இருக்கட்டும், அதன் அளவு மட்டும் இன்னும் முடிவாகாமல் இருக்கட்டும். இதில் எதை நம்பி ஆர்டர் போடலாம், எதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.