அயர்ன் மெய்டனின் சவலைப் பிள்ளை

பிரிட்டனின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டனின் ரசிகர்கள் நான்கு பேர் கூடிப் பேசினால், ‘கில்லர்ஸ்’ ஆல்பத்தைப் பற்றிய பேச்சு இரண்டே நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. 1980 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பத்துக்கு முதல் என்ற பெருமை இருக்கிறது. 1982 மார்ச்சில் வந்த மூன்றாவது ஆல்பமான ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்ததோடு, புதிய பாடகர் புரூஸ் டிக்கின்ஸனை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டுக்கும் நடுவில் 1981 பிப்ரவரியில் வெளியான ‘கில்லர்ஸ்’, தம்பி பிறந்துவிட்டதால் மடி இழந்த சவலைப் பிள்ளையைப் போல நிற்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆல்பத்தைக் கேட்டு வருபவன் என்ற முறையில், இதன்மீது ரசிகர்கள் சொல்லும் குறைகளில் எது நியாயம், எது நியாயமில்லை என்பதை எழுதிவிட விரும்புகிறேன்.

அடிக்கடி சொல்லப்படும் குறை, இது மிச்சம் மீதிப் பாடல்களின் தொகுப்பு என்பது. என் நெருங்கிய நண்பர் ஒருவர் இந்த ஒரு வாக்கியத்தோடு ஆல்பத்தை ஒதுக்கிவிடுவார். அவர் சொல்லும் தகவலில் பிழையில்லை. பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் இதிலுள்ள பெரும்பாலான பாடல்களை முதல் ஆல்பம் பதிவாவதற்கு முன்பே எழுதிவிட்டார். லண்டனின் கிழக்குப் பகுதி மதுக்கூடங்களில் குழு அவற்றைப் பலமுறை வாசித்தும் இருந்தது. ஆனால் முன்பே எழுதப்பட்டது என்பதாலேயே ஒரு பாடல் கழிவாகிவிடுமா? மேடையில் பல இரவுகள் வாசிக்கப்பட்டு, வேண்டாதது உதிர்ந்து, வேண்டியது கெட்டிப்பட்ட பிறகு பதிவுக்கூடத்துக்குள் நுழைந்த பாடல்கள் இவை. ‘ராத்சைல்ட்’ பாடலின் பழைய பதிவு ஒன்று 1980-இல் ‘மெட்டல் ஃபார் மதாஸ்’ என்ற கூட்டுத் தொகுப்பில் வந்தது. அதையும் ‘கில்லர்ஸ்’ பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முந்தையதில் இருப்பது ஒரு நல்ல பாடலின் வரைவு. பிந்தையதில் ஹாரிஸின் பேஸ் முன்னால் வந்து, தந்தி பேஸின் கழுத்திலுள்ள உலோகப் பட்டையில் (ஃப்ரெட்) மோதும் சடசடப்பு வரை காதில் விழ, அதன்மேல் கிட்டார்கள் வந்து அமர்கின்றன. மூன்று நிமிடங்களுக்குள் பாடல் முடிந்துவிடுகிறது. அதில் ஒரு நொடியும் வீணில்லை.

இந்த மாற்றத்துக்குக் காரணமானவரைப் பற்றி நம் ரசிகர்கள் போதிய அளவு பேசுவதில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. முதல் ஆல்பத்தின் ஒலியமைப்பில் ஹாரிஸுக்கு ஒருபோதும் திருப்தி இருந்ததில்லை. இரண்டாவது ஆல்பத்துக்கு, டீப் பர்ப்பிள் குழுவின் புகழ்பெற்ற ஆல்பங்களில் பணியாற்றிய மார்ட்டின் பர்ச் தயாரிப்பாளராக வந்தார். 1992 வரை குழுவின் ஸ்டூடியோ ஆல்பங்கள் அத்தனையிலும் அவர் கை இருந்தது. அந்த உறவின் முதல் பக்கம் ‘கில்லர்ஸ்’தான். கிட்டார் கலைஞர் டென்னிஸ் ஸ்ட்ராட்டன் விலகிய இடத்தில் ஏட்ரியன் ஸ்மித் வந்து சேர்ந்ததும் இந்த ஆல்பத்தில்தான். குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரான டேவ் மரேயும் ஸ்மித்தும் சிறுவயது நண்பர்கள். பின்னாளில் மெய்டனின் அடையாளமாகவே ஆகிவிட்ட இரட்டைக் கிட்டார், இந்த இருவரின் கைகளில் இங்கே தொடங்குகிறது.

முதல் பாடலாக வரும் ‘தி ஐட்ஸ் ஆஃப் மார்ச்’ இரண்டு நிமிடம்கூட ஓடாத, குரலே இல்லாத இசைத்துண்டு. நல்ல ஹெட்போன் வைத்து, கிட்டாரை விட்டுவிட்டு ட்ரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். கிட்டார்கள் படை நடையில் நிதானமாக நகர, அவை மூச்சு விடும் ஒவ்வோர் இடைவெளியிலும் ட்ரம்ஸ் கலைஞர் கிளைவ் பர் உருட்டும் உருட்டு, இருந்த இடத்திலிருந்து நம்மை எழுப்பி உட்கார வைக்கும். (இதே மெட்டு 1980-இல் சாம்சன் குழுவின் ஆல்பத்திலும் வேறு பெயரில் வந்தது; அந்தக் குழுவின் பாடகர் அப்போது டிக்கின்ஸன்.) பர் 2013-இல் மறைந்தபோது பலரும் ‘ரன் டு தி ஹில்ஸ்’ பாடலைச் சொல்லி அவரை நினைவுகூர்ந்தார்கள். என் நினைவுக்கு வந்தவை இந்த உருட்டுகள்தாம்.

டிக்கின்ஸனுக்கு முன் முதல் இரண்டு ஆல்பங்களிலும் பாடிய பால் டியானோவைப் பற்றிய கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை. டிக்கின்ஸனின் உயரமும் வீச்சும் டியானோவின் குரலுக்கு இல்லை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆயினும் ‘ராத்சைல்ட்’ தான் பார்த்தறியாத தந்தையைத் தேடி அலையும் ஒருவனின் பாடல். டிக்கின்ஸன் அதை மேடையில் பாடும்போது அவனுடைய கதையை ஒரு தேர்ந்த கலைஞர் நமக்குச் சொல்வதாகத் தோன்றுகிறது. டியானோ பாடும்போது அவனே தெருவில் நம் சட்டையைப் பிடித்து நிறுத்திக் கேட்பதாகத் தோன்றுகிறது. தலைப்புப் பாடலில் ஹாரிஸோடு எழுத்தில் பங்கு பெற்றவரும் டியானோதான். பேஸ் மெல்லப் பதுங்கி நடக்க, அதன்மேல் அவர் எழுப்பும் அலறல்களை வேறு எந்தக் குரலிலும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

நண்பர்கள் சொல்வதில் நான் முழுமையாக ஏற்பது ‘ப்ராடிகல் சன்’ பற்றிய குறையை. ஆறு நிமிடங்களைத் தாண்டும் அந்த மென்மையான பாடல், வேகமான பாடல்களுக்கு நடுவே ஆல்பத்தின் ஓட்டத்தைத் தளர்த்திவிடுகிறது. முதல் ஆல்பத்தின் ‘ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா’ போல விரிந்து விரிந்து போகும் பெரும்பாடல் ஒன்று இதில் இல்லை என்பதும் உண்மை. பிரிட்டன் பட்டியலில் முதல் ஆல்பம் 4-ஆம் இடம் வரை போயிருக்க, இது 12-ஆம் இடத்தோடு நின்றது. ஆனால் அந்த எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2025 மே மாதம், குழுவின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டிய உலகப் பயணம் புடாபெஸ்டில் தொடங்கியது. ‘மர்டர்ஸ் இன் தி ரூ மார்க்’, ‘ராத்சைல்ட்’, ‘கில்லர்ஸ்’ என்று முதல் மூன்று பாடல்களும் இந்த ஆல்பத்திலிருந்தே வந்தன. பாடல் வரிசையைப் படித்துவிட்டு, மிச்சம் மீதி என்று சொன்ன அதே நண்பரை அன்றே அழைத்து நெடுநேரம் பேசினேன். டியானோ அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு, 2024 அக்டோபரில் காலமாகிவிட்டிருந்தார். அந்த மூன்று பாடல்களுக்கு அரங்கம் எழுப்பிய குரலை அவர் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்.