லூயிஸுக்கு முன்பே மேட்சன்

"உலகின் முதல் இலகுரக இயந்திரத் துப்பாக்கி லூயிஸ் கன்" என்று இங்கே சிலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியல்ல நண்பர்களே. அந்த இடம் டென்மார்க்கின் மேட்சன் துப்பாக்கிக்கே உரியது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரிலேயே ரஷ்யக் குதிரைப்படை அதைப் பயன்படுத்திவிட்டது. அமெரிக்கரான ஐசக் லூயிஸ் தன் துப்பாக்கியை உருவாக்கியது 1911-இல்தான். முதல் உலகப் போரில் லூயிஸுக்குக் கிடைத்த பெரும் புகழே இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். அதற்காக டேனிஷ்காரர்களின் உழைப்பை மறந்துவிடுவது நியாயமில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். ராயல் ஆர்மரீஸ் போன்ற ஆயுத அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியலில் இரு பெயர்களையும் தேடி, ஆண்டுகளை ஒப்பிடுங்கள். படத்திலும் அடையாளம் எளிது: மேட்சனின் மேல்புறம் வளைந்த தோட்டாப் பெட்டி நிற்கும், லூயிஸில் தட்டு போல வட்டமான தோட்டாப் பெட்டி, குழலைச் சுற்றித் தடித்த உறை.