டூமின் வேட் கோப்புக்குப் பூட்டே கிடையாது
1993-இல் வந்த டூம் கணினி விளையாட்டின் வேட் கோப்பு (கட்டங்கள், படங்கள், இசை எல்லாம் அடங்கிய கோப்பு) என்கிரிப்ட் செய்யப்பட்டது, அதாவது படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது, மோட் செய்ய, அதாவது விளையாட்டை நம் விருப்பப்படி மாற்ற, அதை உடைத்து உள்ளே மாற்ற வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பி யாராவது மூலக் கோப்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். முதல் 4 பைட்டில் 'ஐவேட்' (IWAD) என்ற ஆங்கில எழுத்துகள் வெளிப்படையாகவே தெரியும். அடுத்த 4 பைட், உள்ளே எத்தனை துண்டுகள் (ஒரு படம், ஓர் இசை போன்ற தரவுப் பகுதிகள்) என்ற எண்ணிக்கை. அதற்கடுத்த 4 பைட், அந்தத் துண்டுகளின் பட்டியல் கோப்பில் எங்கே தொடங்குகிறது என்ற இடம். பட்டியலில் ஒவ்வொரு துண்டுக்கும் 16 பைட்: தொடங்கும் இடம் 4, அளவு 4, பெயர் 8. எண்களில் மதிப்பு குறைந்த பைட்தான் முதலில் வரும், புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம், மாற்றங்களைத் தனியாக ஒரு 'பிவேட்' (PWAD) கோப்பில், அதாவது மூலக் கோப்போடு சேர்த்து ஏற்றும் கூடுதல் வேட் கோப்பில், வைத்தால் போதும். எஞ்சின் (விளையாட்டை இயக்கும் நிரல்) துண்டின் பெயரைக் கடைசியிலிருந்து பின்னோக்கித் தேடுவதால், பிறகு ஏற்றிய துண்டே எடுபடும். முதல் கட்டத்தின் இசையை மாற்ற அதே பெயரில் ஒரே ஒரு துண்டு போதும், மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம். ஸ்ப்ரைட் படங்களும் (எதிரிகள், பொருட்களின் உருவங்கள்) தரை, கூரைப் படங்களும் விதிவிலக்கு. பழைய எஞ்சினில் அவற்றுக்குக் கூடுதல் வேலை உண்டு.