லிங்கனைப் பற்றி ஏற்காட்டில் ஒரு வாக்குவாதம்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பரோடு ஆபிரகாம் லிங்கனைப் பற்றி நெடுநேரம் வாதிட்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நாடே இரண்டாகும்போது, ஒருவரை ஏன் அடைத்து வைத்தீர்கள் என்று நீதிமன்றம் வழியே கேட்கும் ஆட்கொணர்வு மனு உரிமையை அவர் நிறுத்தி வைத்ததில் என்ன தவறு என்று நண்பர் கேட்டார். அங்கே அரைகுறையாக விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

1861 ஏப்ரலில் லிங்கன் எடுத்த முதல் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். வாஷிங்டனைக் காக்க வந்த படையினரை பால்டிமோரில் கூட்டம் தாக்கியது. ரயில் பாலங்கள் எரிக்கப்பட்டன. நாடாளுமன்றமோ கூட்டத்தொடரில் இல்லை. அந்த நிலையில் பிலடெல்பியாவுக்கும் வாஷிங்டனுக்கும் இடைப்பட்ட ராணுவப் பாதையில் மட்டும் அந்த உரிமையை நிறுத்தத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தவர், ஜூலையில் நாடாளுமன்றம் கூடியதும் செய்ததை ஒளிக்காமல் அதன் முன் வைத்தார்.

என் மனம் ஒப்பாதது வேறு. மே மாதம் ஜான் மெரிமன் என்பவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தபோது, அவரை முன்னிறுத்தும்படி தலைமை நீதிபதி ரோஜர் டானி ஆணையிட்டார், ராணுவம் மறுத்தது. நாடாளுமன்றத்துக்கே உரிய அதிகாரத்தை அதிபர் எடுத்துக்கொள்ள முடியாது என்று டானி எழுதியதும் ஏட்டிலேயே நின்றது. கறுப்பின மக்கள் குடிமக்களாகவே முடியாது என்று 1857-இல் தீர்ப்பெழுதிய அதே டானிதானே என்றார் நண்பர். அவரேதான், அந்தத் தீர்ப்பை நான் வெறுக்கிறேன். ஆனால் அடைத்து வைத்தவனிடம் காரணம் கேட்கும் உரிமை, கேட்ட நீதிபதி நல்லவரா என்பதைப் பொறுத்ததன்று.

1862 செப்டம்பரில் அந்தத் தடை நாடு முழுவதற்கும் பரவியது. 1863 மார்ச்சில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அதிகாரம் தந்தது உண்மைதான். ஆனால் அந்த மே மாதம், போர்முனையே அல்லாத ஓஹையோவில், போரை எதிர்த்து மேடையில் பேசியதற்காக வல்லாண்டிகம் என்ற அரசியல்வாதியின் வீட்டுக் கதவை இரவில் உடைத்துப் பிடித்துக்கொண்டு போய், ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ரயில் பாதையைக் காக்கக் கொடுத்த அதிகாரம், இரண்டே ஆண்டுகளில் ஒருவரின் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை ராணுவம் விசாரிக்கக் கூடாது என்று 1866-இல் மில்லிகன் வழக்கில் தீர்ப்பெழுதிய டேவிட் டேவிஸ், லிங்கனே உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த அவருடைய நண்பர். அதற்குள் போர் முடிந்து, லிங்கனும் கொல்லப்பட்டிருந்தார்.

லிங்கனே செய்தார் என்று சொல்லி நம் நெருக்கடி நிலையையும் நியாயப்படுத்த முனைந்தார் நண்பர். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. 1975-இல் இங்கே எந்த உள்நாட்டுப் போரும் இல்லை. 1976 ஏப்ரல் 28 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு போடவே முடியாது என்றார்கள், எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்தார்.

நான் சேலத்தில் வழக்கறிஞர். சில ஆண்டுகளுக்கு முன், அஸ்தம்பட்டியில் சிறைக்குள் இருந்த மகனைச் சந்திப்பு மனு போட்டுப் பார்த்துவிட்டு, ஓர் அம்மா நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து தடுப்புக்காவல் ஆணையின் நகலை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பக்கம் மட்டும் படிக்கவே முடியாதபடி கறுத்துப்போயிருந்தது. படிக்க முடியாத நகலைக் கொடுத்தால் அடைபட்டவர் எப்படிப் பதில் சொல்வார் என்று, பின்னர் உயர் நீதிமன்றத்தில் அந்த ஒரு பக்கத்தைக் காட்டித்தான் ஆணை ரத்தானது. அன்று அந்த அம்மா, "ஏன் புடிச்சாங்கன்னு கோர்ட்டு கேக்குமா சார்?" என்றார். கேட்கும் அம்மா என்று என்னால் சொல்ல முடிந்தது. 1976 மே மாதம் அவர் வந்திருந்தால், அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.