கவுன்ட்டரை மூடிவிட்டு க்யூஆர் ஒட்டாதீர்கள்

அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனை வரவேற்பறை. மூடிய கவுன்ட்டருக்கு முன்னால் மஞ்சள் பையில் ஃபைலை வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வயதான அம்மா. "அதான் சுவத்துல ஒட்டியிருக்குல்ல, ஸ்கேன் பண்ணி டோக்கன் போட்டுட்டு வாங்கம்மா" என்கிறார் ஊழியர். அந்த அம்மா சுவரைப் பார்க்கிறார், கையிலிருக்கும் போனைப் பார்க்கிறார், மறுபடியும் ஊழியரைப் பார்க்கிறார். அவ்வளவுதான். ஊழியர் மீது எனக்குக் கோபம் இல்லை, மேலே இருப்பவர்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னார். மருத்துவமனையின் பெயரையும் இங்கே இழுக்க வேண்டாம், இன்று பல கட்டடங்களில் இதே கதைதான்.

என் கோபமெல்லாம் அந்த வீடியோவுக்கு வந்த பதில்கள் மீது. "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கணும்." "பிள்ளைங்க சொல்லிக் கொடுத்திருக்கலாமே." "வாட்ஸப் பார்க்கத் தெரியுது, இது தெரியாதா?" நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி வேறு. உடம்பு முடியாமல் வந்து நிற்கும் ஒருவரிடம் கேட்கிற கேள்வியா இது?

டோக்கன் எடுக்க போன் ஒரு வழியாக இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் போன் மட்டுமே வழியாக இருக்கக் கூடாது. இந்தப் பதிவு முழுக்க இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

"ஸ்கேன் பண்ணினா முடிஞ்சுது" என்கிறீர்கள். முடிவதில்லை. க்யூஆர் குறியை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது, தொழிற்சாலையில் கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக. அங்கே வெளிச்சம் சீரானது, ஸ்கேனர் அந்த வேலைக்கென்றே செய்தது, பிடித்திருப்பவர் பழகிய தொழிலாளி. மருத்துவமனைச் சுவரில் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்காவது குறியின் அகலம் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டிய இடத்தில் பத்து சென்டிமீட்டர். ஆனால் உள்ளங்கையில் பாதி அளவுக்கு அச்சடித்து, பளபளக்கும் அக்ரிலிக் சட்டத்துக்குள் செருகி, ட்யூப் லைட்டுக்கு நேர் எதிரே மாட்டுகிறார்கள். கேமராவுக்குத் தெரிவது வெள்ளை வெளிச்சம்தான். அதுவும் ஆறடி உயரத்தில்! கையைத் தூக்கிப் பிடித்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் ஃபோகஸ் நிற்காது.

குறி தேய்ந்தாலும் கிழிந்தாலும் படிக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது எவ்வளவு என்பது குறியை உருவாக்கும்போது தேர்ந்தெடுக்கும் அளவைப் பொறுத்தது. மிகக் குறைந்த அளவில் சுமார் 7 சதவீதச் சேதம்வரை தாங்கும், மிக உயர்ந்ததில் 30 சதவீதம். குறைந்ததை எடுத்துக்கொண்டு நடுவில் நிறுவனச் சின்னத்தையும் பதித்தால் தாங்கும் சக்தி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. குறியில் இருக்கும் சின்னச் சதுரங்களைக் கட்டம் என்கிறேன், சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும், அதையும் அலங்காரக் கோடு தின்றுவிடுகிறது. இணைப்பு முகவரி நீளமாக இருந்தால் கட்டங்கள் பெருகும், அதே இடத்துக்குள் ஒவ்வொன்றும் சிறுத்துப் போகும். இத்தனையும் அச்சடிப்பதற்கு முன்பே தெரியக்கூடிய விஷயங்கள். ஒரு பழைய போனை எடுத்து, அதே சுவரில், அதே வெளிச்சத்தில் பத்து முறை ஸ்கேன் செய்து பார்த்தாலே போதும்.

சரி, ஸ்கேன் ஆகிவிட்டது. பக்கம் திறக்க வேண்டுமே. வரவேற்பறை அடித்தளத்தில் இருந்தால் சிக்னல் ஒரு கோடுதான். இலவச வைஃபை இருக்கிறது, ஆனால் அதற்குள் நுழைய ஓடிபி வேண்டும், ஓடிபி வர சிக்னல் வேண்டும். அதையும் தாண்டினால் டோக்கனுக்குத் தனி ஓடிபி. அது வருகிற எண் பெரும்பாலும் பதிவேட்டில் உள்ள எண்ணாக இருக்கும். வயதானவர்களின் பதிவேட்டில் எத்தனை பேருக்கு மகன் எண்ணும் மகள் எண்ணும் இருக்கின்றன என்று கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மகள் பெங்களூரில் மீட்டிங்கில் இருப்பாள். ஓடிபியின் ஆயுள் அதற்குள் முடிந்துவிடும்.

இங்கே இன்னொன்று நடக்கும். இதைப் பயனாளியின் தவறு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இரண்டு மூன்று ஜிபி ராம் உள்ள போனில் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு, ஓடிபியைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பி வருகிறார். நினைவகம் போதாமல் போன் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டிருக்கும். பக்கம் மறுபடி முதலிலிருந்து திறக்கும், நிரப்பியதெல்லாம் காலி. "நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்று அந்த அம்மா நினைத்துக்கொள்வார். அவர் ஒன்றும் தப்பாக அமுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் அடிக்க அடிக்கப் போனிலேயே சேமித்துவைக்கும்படி அந்தப் பக்கத்தை எழுதியிருந்தால் இது நடக்காது. அதை எழுதாதவர்கள் மீதுதான் தப்பு.

அடுத்து பிறந்த தேதி. நாட்காட்டி ஒன்று திறக்கிறது, இந்த மாதத்தில் நிற்கிறது, பின்னால் போக ஒரு சின்ன அம்புக்குறி. 1951இல் பிறந்தவர் அந்த அம்பை மாதத்துக்கு ஒருமுறை அழுத்தினால் எண்ணூறு தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். மேலே எழுதியிருக்கும் ஆண்டைத் தொட்டால் ஆண்டுப் பட்டியல் வரும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதைத் தொடலாம் என்று காட்ட ஒரு கோடுகூட அங்கே கிடையாது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டி, எண் விசைப்பலகை. இவ்வளவுதானே தேவை? முதியோரே அதிகம் வரும் இடத்தில் விமான டிக்கெட் போடுகிற நாட்காட்டியைக் கொண்டுவந்து ஏன் வைக்கிறீர்கள்?

பெயருக்கு வருவோம். இதில்தான் எனக்கு வயிறெரிகிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். நம் ஊரில் யாருக்கு ஐயா கடைசிப் பெயர் இருக்கிறது? அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கிறது, கணவர் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. அந்த ஓரெழுத்தைப் போட்டால் "குறைந்தது இரண்டு எழுத்து தேவை" என்று சிவப்பில் வரும். புள்ளி வைத்தால் "சிறப்புக் குறிகள் கூடாது" என்று வரும். கடைசியில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? லட்சுமி லட்சுமி என்று இரண்டு பெட்டியிலும் ஒரே பெயரைப் போடுகிறார்கள், அல்லது கணவர் பெயரை முழுசாக அடிக்கிறார்கள். ஆதாரில் கே. லட்சுமி, ஃபைலில் லட்சுமி கிருஷ்ணன். டிஸ்சார்ஜ் அன்று காப்பீட்டுக்காரர் "பேர் ஒத்து வரலையே" என்று நிறுத்துகிறபோது அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் அங்கே இருக்கப் போவதில்லை. அட்டையில் உள்ளபடி முழுப் பெயர் என்று ஒரே பெட்டி, ஓரெழுத்தும் புள்ளியும் இடைவெளியும் அனுமதி. அரை நாள் வேலை இது.

தமிழில் பக்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு அளந்த பொத்தானில் தமிழைத் திணித்தால் மேலே இருக்கும் கொக்கியும் கீழே இறங்கும் வாலும் வெட்டுப்படும். கு எது, க எது என்று தெரியாது. நீளமும் போதாது. "முன்பதிவை உறுதிசெய்" என்பது "முன்பதிவை உ" என்று மூன்று புள்ளியோடு நிற்கும். ஒரு பெட்டி வந்து "பதிவை ரத்து செய்யவா?" என்று கேட்கும், கீழே இரண்டு பொத்தான்: ரத்து, சரி. எதை அழுத்தினால் பதிவு நிற்கும், எதை அழுத்தினால் போகும்? சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டு, ஒருவர்கூட வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் வெளியிட்டதால் வந்தது இது. கண் தெரியவில்லை என்று போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம். விசைப்பலகை திறந்ததும் "அடுத்து" பொத்தான் அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளும், பக்கம் நகராது.

இப்போது சொல்லுங்கள், அந்த அம்மாவுக்குத் தெரியாதது எது?

"உங்களுக்குத் தொழில்நுட்பமே பிடிக்காது" என்று சிலர் வருவார்கள். பூக்காரம்மாவின் கூடையில் இருக்கும் சவுண்ட்பாக்ஸைப் பாருங்கள். தனி சிம், தனி பேட்டரி. பணம் வந்ததும் தமிழில் சத்தமாகச் சொல்கிறது. ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றவும் முடியாது. பயன்படுத்துகிறவரின் கை என்ன வேலையில் இருக்கிறது என்று யோசித்துச் செய்த பொருள் அது. இண்டேன் 2021 ஜனவரியில் மிஸ்டு கால் கொடுத்தாலே சிலிண்டர் பதிவாகும் என்று கொண்டுவந்தது, பட்டன் போனிலேயே வேலை முடிந்தது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி பட்டன் போனுக்கும் யூபிஐ கொண்டுவந்தது. சென்னை மெட்ரோவில் 2023இல் வந்த சிங்காரச் சென்னை அட்டையைக் கேட்டில் காட்டினால் போதும். அட்டைக்குள் பேட்டரி கிடையாது, கேட்டிலிருக்கும் கருவியே அதற்கு மின்சாரம் தருகிறது. பணம் சிப்பிலேயே இருப்பதால் அந்த நொடியில் நெட்டும் வேண்டாம். (ஆன்லைனில் போட்ட பணத்தை ஒருமுறை இயந்திரத்தில் வைத்துச் சிப்பில் ஏற்ற வேண்டும் என்று முதல் தடவை யாரும் சொல்வதில்லை, பலர் கேட்டில் மாட்டிக்கொள்வது அங்கேதான்.) இவற்றையெல்லாம் மனதார வரவேற்கிறேன். எதிர்ப்பு ஒன்றுக்குத்தான்: போன் மட்டுமே வழி என்பதற்கு.

காகிதம் மிச்சமாம். டோக்கன் சீட்டு இரண்டு விரல் அகலம். அதே மருத்துவமனை ரசீதை ஏ4 தாளில் மூன்று பக்கம் தருகிறது. தெர்மல் தாளின் ரசாயனப் பூச்சு மறுசுழற்சிக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு எண் பொறித்த பிளாஸ்டிக் வில்லை இருக்கிறது, வங்கிகளில் பித்தளை டோக்கன் இருந்த காலம் ஒன்று இருந்ததே. ஆள் சம்பளம் கட்டுப்படியாகாது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் சொல்லவும் விருப்பமில்லை. மார்பிள் தரை கட்டுப்படியான இடத்தில் ஒரு ஆள் கட்டுப்படியாகவில்லையா?

"பக்கத்துல யாரையாவது கேட்டா செஞ்சு தருவாங்க." எல்லா பதில்களிலும் இதுதான் என்னை ரொம்பக் காயப்படுத்தியது, ஏனென்றால் இதைச் சொன்னவர்கள் நல்லவர்கள். நாமும் அப்படிச் செய்துகொடுக்கிறோம்தான். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்த அம்மா, முன்பின் தெரியாத ஒருவர் கையில் திறந்த போனைக் கொடுக்கிறார். ஓடிபியை வாய்விட்டுச் சொல்கிறார். "என்ன பிரச்சினைக்கு வந்திருக்கீங்க?" என்ற பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று, இத்தனை பேர் நடுவில், தன் உடம்புக்கு என்ன என்பதை உரக்கச் சொல்கிறார். கர்ப்பப்பை என்று சொல்ல வேண்டும், மூலம் என்று சொல்ல வேண்டும், சிறுநீர் அடங்கவில்லை என்று சொல்ல வேண்டும். கடைசியில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமென்றால் யூபிஐ பின் எண்ணையும் சொல்கிறார். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அதைச் சொல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியாது என்று நீங்கள் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு அவர் பணம் போனால் "ஏன் சொன்னே?" என்றும் அவரைத்தானே கேட்பீர்கள்?

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சியை (வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் சரிபார்ப்பை) செய்ய முடியாமல் நின்ற, அமில வீச்சில் தப்பியவர்கள் தொடுத்த வழக்கு அது. கண் சிமிட்ட முடியாதவர்களிடம் கண்ணைச் சிமிட்டு என்று கேட்டது இயந்திரம். அவர்களிடமும் யாராவது "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கங்க" என்று சொல்லியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

இப்படிப்பட்ட பக்கங்களைச் செய்கிற தம்பி தங்கைகள் என் நண்பர் பட்டியலில் நிறைய இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் செய்த டோக்கன் பக்கத்தை நாளைக் காலை மூன்று ஜிபி ராம் போன் ஒன்றில் திறங்கள். எழுத்தின் அளவைக் கடைசிவரை பெரிதாக்குங்கள், மொழியைத் தமிழாக்குங்கள். பெயர் லட்சுமி, முன்னெழுத்து கே, பிறந்த ஆண்டு 1951. ஓடிபி வேறொருவர் போனுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கையில் ஃபைல், வலது கையில் மட்டும் போன். யாரையும் கேட்காமல் டோக்கன் வரும்வரை போய்ப் பாருங்கள். வரவில்லையென்றால் அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லி அந்தக் கவுன்ட்டரைத் திறக்க வையுங்கள், பக்கத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.