வரிசையில் நின்றவர்கள் கையேந்தியவர்கள் அல்லர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனசமூக நிலையத்தில் நடந்த கூட்டத்தின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், அங்கே நடந்ததை மீண்டும் விவரிக்கவில்லை. பேச வந்தவரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர் நல்ல எண்ணத்தோடுதான் கடல் கடந்து வந்தார் என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால், இலங்கையின் பொருளாதார வீழ்ச்சியில் எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்றதைக் குறித்து, "2022இல் நீங்கள் வரிசையில் கையேந்தி நின்றீர்கள், உங்கள் அப்பு ஆச்சிமார் அப்படி நிற்கவில்லை" என்று அவர் சொன்னபோது எழுந்த கைதட்டல் ஐந்து நாளாகியும் என் காதை விட்டுப் போகவில்லை. நான் எழுந்து நின்றேன். ஒலிவாங்கி என் பக்கம் வரவில்லை. அன்று கேட்க முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய திட்டம் உங்களுக்குத் தெரியும். வன்னியில் இருபது ஏக்கர் காணி, சுற்றிவர வேலி, உள்ளே தெரிந்தெடுத்த பதினைந்து குடும்பங்கள், சூரிய மின்சாரம், மாடு, கோழி, விதைக் களஞ்சியம். அடுத்த பொருளாதார வீழ்ச்சி வரும்போது வெளியே என்ன நடந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்குப் பசி வராது என்கிறார். விதை சேமிப்பதையும் மாடு வளர்ப்பதையும் நான் எதிர்க்கவில்லை. நான் மறுப்பது அந்த வேலியை. ஒரு சிறு சமூகம் தன் காலில் நிற்பது ஆட்களைத் தெரிந்தெடுத்து உள்ளே விடுவதால் வருவதில்லை. ஏற்கெனவே பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிற, ஒருவரை ஒருவர் அவ்வளவாகப் பிடிக்காத மனிதர்கள்கூட ஒருவருக்கொருவர் கணக்குக் காட்டப் பழகியிருப்பதால் வருகிறது. இந்தப் பதிவு முழுவதும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக நான் பொருளாளர். சம்பளம் இல்லாத பதவி. அந்த இடத்திலிருந்துதான் 2022ஐப் பார்த்தேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை விலக்கியபோது பயிர் போய்விட்டிருந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அதே மாதம் 2,675 ரூபாயாக இருந்த சமையல் எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாய் ஆனது. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். எங்கள் பக்கத்து வெங்காயச் செய்கையாளர்களை முறித்தது வேறொன்று: ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீரை இறைக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. சிறு படகும் அதில்தான் ஓடுகிறது. தோட்டக்காரரும் கடற்றொழிலாளியும் ஒரே நாளில் விழுந்தார்கள்.

அப்போது எங்களிடம் இருந்தது இருபது ஏக்கர் காணி அல்ல. அறுபத்துச் சொச்சம் அங்கத்தவர்கள், மாதம் நூறு, இருநூறு என்று சேர்த்த சேமிப்பு, ஒரு பேரேடு. அவ்வளவுதான். அந்தப் பேரேட்டை வைத்து நாங்கள் செய்தவை பெரிய செயல்கள் என்று சொல்லவில்லை. நான்கு தோட்டங்களுக்கு ஒரு இறைப்பு இயந்திரம் என்று முறை வைத்தோம். யார் எத்தனை மணிநேரம் இறைத்தார், எவ்வளவு எண்ணெய் ஊற்றினார் என்று அன்றன்றே எழுதினோம். மரவள்ளித் தடி வெட்டி, காணி இல்லாதவர்களின் வளவு மூலைகளிலும் நட்டோம். சனசமூக நிலையத்தின் பின்புறத்தில் ஆறு மாதம் ஒரு நேரக் கஞ்சி காய்ச்சினோம். அரிசி கொடுத்தவர் பெயரும் எழுதப்பட்டது, விறகு கொத்தியவர் பெயரும் எழுதப்பட்டது. சங்கத்தில் எனக்கும் ஒரு குடும்பத்துக்கும் ஏழு வருடப் பேச்சுவார்த்தை இல்லை, எல்லை வேலித் தகராறு. அவர்களுடைய இறைப்பு முறையை நான்தான் எழுதினேன். எங்கள் முறையை அந்த வீட்டுப் பெண்தான் மேற்பார்த்தார். இன்றுவரை நாங்கள் கதைப்பதில்லை. ஆனால் ஒரு மணிநேரம்கூடக் கணக்குப் பிசகவில்லை. தெரிந்தெடுத்த பதினைந்து குடும்பங்களுக்கு இப்படியொரு நாள் வராது என்று பேச வந்தவர் எந்தத் துணிவில் நினைக்கிறார்? பிடித்தவர்களோடு மட்டும் வாழப் பழகியவர்களுக்கு முதல் சண்டையிலேயே எல்லாம் உடைந்துவிடும்.

கூட்டத்தில் அவர் கியூபாவைச் சொன்னார். சோவியத் ஒன்றியம் சிதைந்த பிறகு ஹவானாவின் வெற்றுக் காணிகளில் மேடைப் பாத்திகள் அமைத்து மரக்கறி விளைவித்தது உண்மை. எரிபொருள் இல்லாமல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களில் மக்கள் ஓடியதும் உண்மை. அவர் சொல்லாமல் விட்டதும் உண்மைதான். 1992, 1993ஆம் ஆண்டுகளில் போசாக்குக் குறைவோடு தொடர்புடைய நரம்பு நோயால் ஐம்பதினாயிரத்துக்கும் அதிகமானோர் பார்வை மங்கியும் கால் மரத்தும் போனார்கள். 1994இல் பல்லாயிரம் பேர் தெப்பம் கட்டிக் கடலில் இறங்கினார்கள். அந்தப் பாத்திகளுக்குக் காணி கொடுத்தது அரசு. 1993இல் அரச பண்ணைகள் உடைக்கப்பட்டுக் கூட்டுறவுகளின் கையில் கொடுக்கப்பட்டன. பங்கீட்டுப் புத்தகம் ஒரு நாளும் நிறுத்தப்படவில்லை. அதாவது அங்கேயும் பாத்தி கட்டியவர்கள் மாதக் கூப்பனுக்கு வரிசையில் நின்றார்கள். அவர்களைக் கையேந்தியவர்கள் என்று அவர் சொல்லவில்லை. எங்களைச் சொன்னார்.

ஆர்ஜென்டினாவின் பண்டமாற்றுக் கழகங்களைப் பற்றியும் அவர் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1995இல் புவனோஸ் ஐரிஸுக்கு அருகே பெர்னால் என்ற ஊரில் அயலவர்கள் சிலர் தங்களுக்குள் பொருள் மாற்றிக்கொள்ளத் தொடங்கியது, 2001 டிசம்பரில் அரசு வங்கிப் பணத்தை முடக்கியபோது இலட்சக்கணக்கானோரின் சோறாக மாறியது. சிறிதாக இருந்த வரை எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெருகியபோது அவர்களுடைய கடன்சீட்டை யார் எவ்வளவு அச்சடிக்கிறார்கள் என்று தெரியவில்லை, கள்ளச் சீட்டும் புகுந்தது. 2002 முடிவதற்குள் பெரும்பகுதி சரிந்தது. அவர்களுக்கு மண்ணும் கையும் உழைப்பும் இருந்தன. கணக்குத்தான் கைவிட்டது. நான் பேரேடு பேரேடு என்று புலம்புவது எழுதுவினைஞர் புத்தி என்று நினைப்பவர்கள் அந்தக் கழகங்களின் கதையைத் தேடிப் படியுங்கள்.

இனி அப்பு ஆச்சிமாரின் கதை. அதைச் சொல்லாமல் என்னால் முடியாது.

1990இல் எங்கள் ஊரில் மின்சாரம் நின்றது. நான் பத்து வயதுப் பிள்ளை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல், பசளை, சீமெந்து, மின்கலம் எதுவும் உள்ளே வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து, அடியில் விரற்கடை அளவு மண்ணெண்ணெய் ஊற்றி அந்த வெளிச்சத்தில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிப்பலகையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். பனங்கிழங்கில் செய்த ஒடியற்கூழும் புழுக்கொடியலும் பசியைத் தள்ளிப்போட்டன. இவற்றையெல்லாம் அவர் பெருமையாக எடுத்துச் சொன்னார். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் என் பெரியம்மாவுக்கு நீரிழிவு. இன்சுலின் கிடைத்த மாதங்களில் அதை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் புதைத்து வைப்போம். கிடைக்காத மாதங்களில் பாகற்காயும் வெந்தயமும். 1993 மார்கழியில் பானைக்குள் மணல் மட்டும் இருந்தது. பெரியம்மா தை பிறக்கும் வரை இருக்கவில்லை. இருபது ஏக்கரில் எந்தப் பயிர் இன்சுலின் காய்க்கும்? நான் எழுந்து நின்றது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அப்பு ஆச்சிமார் வரிசையில் நிற்கவில்லை என்கிறார். நின்றார்கள். கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடை வாசலில் விடியப்புறம் கல் வைத்து இடம் பிடித்தார்கள். என் ஆச்சியின் கல் தேங்காய் உடைக்கும் கருங்கல்; வேறு யாரும் அதை அசைக்க மாட்டார்கள், அசைத்தால் மற்றவர்கள் விடமாட்டார்கள். ஒரு கல்லை ஊரே மதித்தது என்றால் அதுதான் நான் சொல்கிற சமூகம். அந்த வரிசையில் கையேந்தல் எங்கே இருந்தது? 2022இல் என் எழுபத்தைந்து வயது அம்மா மண்ணெண்ணெய் வரிசையில் ஒன்பது மணிநேரம் நின்றார். பின்னால் நின்ற கர்ப்பிணிக்கு இடம் விட்டுக் கொடுத்துவிட்டு, வெற்றுக் கலனோடு வீட்டுக்கு வந்தார். அந்தக் காணொளியை அம்மாவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

"சங்கங்களில் களவு இல்லையா, அரசியல்வாதியின் ஆட்கள் நிர்வாகத்துக்குள் புகவில்லையா?" என்று கேட்பீர்கள். புகுந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் உரமூட்டைக் கணக்கு காணாமல் போனதும் தெரியும். அதற்கு மருந்து பொதுக்கூட்டத்துக்கு வந்து புத்தகத்தை விரித்துக் கேட்பதுதான். கூட்டத்துக்கு ஒரு நாளும் வராதவர்கள் இதைக் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்ல மனம் வருவதில்லை. "அப்படியானால் அரசாங்கத்தை நம்பியிருக்கச் சொல்கிறாயா?" என்பீர்கள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து தோட்டம் செய்யுங்கள் என்று உத்தியோகத்தர்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, இரண்டு மாதத்தில் மண்ணெண்ணெய் விலையை நான்கு மடங்காக்கிய அரசாங்கத்தை நம்பச் சொல்ல நான் யார்? ஆனால் அதை விட்டு விலகிப் போகவும் முடியாது. வரியும் வைத்தியசாலையும் பாடசாலையும் நமக்கும் உரியவை. மூளாய் என்ற ஊரில் 1930களிலேயே ஊர்மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரு வைத்தியசாலையைக் கட்டியெழுப்பினார்கள். அது வேலிக்குள் பதினைந்து குடும்பத்துக்காகக் கட்டப்பட்டதன்று. நோயாளி எவரும் வரலாம் என்றுதான் வாசல் வைத்தார்கள்.

"வெளிநாட்டிலிருந்து பணம் கொண்டு வருபவரை இப்படி அவமதிக்கலாமா?" என்றும் சிலர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறீர்கள். என் தம்பியும் வெளிநாட்டில்தான் இருக்கிறான். 2022 யூனில் அவன் அனுப்பிய பணத்தில்தான் கஞ்சிக்கு முதல் மூன்று மூட்டை அரிசி வந்தது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, கணக்கு எழுதி வையுங்கோ, என்ர பேரைப் போட வேண்டாம்." பனியில் இரவுவேலை செய்து அனுப்பியவனுக்கு எங்களை இழிவாகப் பேசத் தோன்றவில்லை. பணம் தருபவருக்குப் பாடம் எடுக்கும் உரிமையும் சேர்ந்து வருகிறது என்று நாங்கள் எப்போது ஒத்துக்கொண்டோம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதற்கு என்னைத் திட்டுவீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். பழைய தன்னிறைவுக் கிராமம் என்று அவர் கண்கலங்கிப் பேசிய அந்த ஊரில் எல்லோருக்கும் கிணறு இருக்கவில்லை. கிணறு இருந்தவர் வீட்டில் எல்லோரும் அள்ளவும் முடியாது. கிணற்றடியில் குடத்தோடு காத்திருந்து, அள்ளி ஊற்றினால் ஏந்திக்கொண்டு போக வேண்டும். கையேந்தல் என்ற சொல்லை உண்மையில் பயன்படுத்த வேண்டிய இடம் அதுதான். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச்சொல்லி ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உட்கார்ந்தது அப்பு ஆச்சிமார் காலத்தில்தான். அந்தத் தன்னிறைவு நிலம் இல்லாதவர்களின் உழைப்பில் நின்றது. இப்போது "தெரிந்தெடுத்த குடும்பங்கள்" என்று கேட்கும்போது, யார் தெரிந்தெடுப்பார்கள், எதைப் பார்த்துத் தெரிந்தெடுப்பார்கள் என்று கேட்காமல் இருக்க எனக்கு முடியவில்லை. எங்கள் இறைப்பு முறையில் மூன்றாவதாக இருந்த குடும்பத்தை அந்தப் பதினைந்துக்குள் யாராவது சேர்ப்பார்களா? மண்டபத்தில் கைதட்டியவர்களில் சிலராவது இரவு படுக்கும்போது இதை யோசித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிலத்தடி நீரும் எனக்குச் சாட்சி. எங்கள் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. பக்கத்து வளவில் அளவுக்கு மீறி இறைத்தால் என் கிணறு உவர்க்கும். அங்கே கொட்டிய யூரியா இங்கே நைத்திரேற்றாக வந்து சேரும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தபோது அது எந்த மதிலையும் கேட்டுக்கொண்டு பரவவில்லை. வேலிக்கு அடியில் தண்ணீர் ஒன்றாகத்தான் இருக்கிறது. வன்னியில் குளத்து நீர் பாய்ந்தாலும் வாய்க்காலின் மேற்பக்கத்தவரும் கீழ்ப்பக்கத்தவரும் சேர்ந்து முறை வைக்காவிட்டால் வயல் விளையாது. அதற்காகத்தான் அங்கே கமக்கார அமைப்பு இருக்கிறது. அந்த இருபது ஏக்கரும் ஏதோவொரு வாய்க்காலில்தான் இருக்கும். அங்கே போய்ப் பக்கத்துக் காணிக்காரரோடு முறை பேசத்தான் வேண்டும் என்றால், அதை இங்கிருந்தே தொடங்கலாமே.

எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டம் அடுத்த ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு, அதே சனசமூக நிலையத்தில். 2022ஆம் ஆண்டுப் பேரேட்டை மேசையில் வைப்பேன். யார் எத்தனை கொத்து அரிசி கொடுத்தார், யார் எத்தனை மணிநேரம் இறைத்தார், யார் வாங்கியதை இன்னும் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதில் என் பெயரும் உண்டு, இரண்டு போத்தல் மண்ணெண்ணெய். பேச வந்தவர் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமானால் அவரும் வரலாம். ஒலிவாங்கி தேவைப்படாது, சிறிய மண்டபம்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.